தங்கப்பொண்ணு செத்துப்போன வாரம்

மதுரையில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். செத்துப்போனார் என்பதற்கு ஒரு சுவரொட்டி போதும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் பதினாறு வருஷம் கம்பாசிட்டராக எழுத்துக் கோத்தவன் நான். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற இரண்டு சொற்களைக் கோத்த அளவுக்கு வீரணன் என்ற என் சொந்தப் பெயரைக்கூடக் கோத்ததில்லை. ஆகையால் கரகாட்டம் தங்கப்பொண்ணு செத்துப்போன கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவளைக் கொன்றவர்களில் நானும் ஒருவன்.

இது நடந்தது எண்பத்து மூன்றில். தங்கப்பொண்ணு அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தனியாகக் குடியிருந்தாள். வயது முப்பத்தெட்டு. குட்டையான ஆள், பெரிய குரல். தலையில் கரகத்தை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவாள், தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பாள். கரகம் இல்லாமல் வெறுந்தலையோடு நடந்தால்தான் தடுக்கி விழுவாள். எங்கள் தெருமுனைச் சாக்கடையில் மட்டும் நான் பார்த்து மூன்று தடவை விழுந்திருக்கிறாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் புருஷன் பம்பாய்க்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் அவள் ஒரு நையாண்டி மேளக் குழுவில் சேர்ந்து ஆட்டம் பழகினாள். செக்கானூரணிக்கு மேற்கே கல்லுக்கொல்லைப்பட்டியில் நிலம் நீச்சோடு இருந்த அவளுடைய அண்ணன் மலையாண்டி, தங்கை காலில் சலங்கை கட்டிய செய்தி வந்த அன்றே, தனக்குக் கூடப் பிறந்தவள் யாருமில்லை என்று ஊர்ச் சாவடியில் சொல்லிவிட்டார். அவள் பட்டினி கிடந்தபோது சாவடிக்கு வராத மனுஷன், அவள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் ரோஷத்தோடு வந்து சேர்ந்தார். அதிலிருந்து பதினைந்து வருஷம் அண்ணன் தங்கை பேச்சு கிடையாது.

முந்தின வருஷம் மலையாண்டியின் மகள் கல்யாணப் பத்திரிகை எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. எப்படியோ கேள்விப்பட்டு தங்கப்பொண்ணு வந்து நின்றாள். மை காயாத புரூப்பை வாங்கி, எழுத்துக் கூட்டி, விரலை வரி வரியாக நகர்த்தினாள். மாமன் இருந்தான், சித்தப்பன் இருந்தான், சம்பந்தமே இல்லாத ஒரு முன்னாள் கவுன்சிலர் இருந்தார். அத்தை இல்லை.

“தங்கப்பொண்ணுன்னு கோக்க ஆபீசுல எழுத்துக் கொறஞ்சு போச்சாக்கும்,” என்றாள்.

எழுத்து இருந்தது, எழுதித் தந்தவர் அந்தப் பெயரைத் தரவில்லை என்று எப்படிச் சொல்வது. எனக்கு மலையாண்டி மேல் வந்த கோபத்தில் அன்றைக்கு ‘நல்வரவை’ தலைகீழாகக் கோத்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் பஞ்சாபகேசன் வந்து சேர்ந்தார். ஒரு வங்கியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு திரைப்படச் சங்கத்தில் வெளிநாட்டுப் படம் பார்ப்பார், அதற்கான துண்டறிக்கை அடிக்க எங்களிடம் வருவார். சென்னையில் இருந்த மைத்துனரிடம் ஒரு சின்ன கேமராவை இரவல் வாங்கிவிட்டார். ‘பாதிக் கரகம்’ என்று பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு பேய்ப்படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். திருவிழாவில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கரகாட்டக்காரி செத்துப்போகிறாள். ஆட்டம் பாதியில் நின்றதால் ஆவி அடங்காமல், ஊருக்குள் ஆடிக்கொண்டே திரிகிறது.

“பயம்னா என்னன்னு தமிழ்நாட்டுக்குக் காட்டப்போறேன் பாருங்கோ,” என்றார். பார்த்தால் பல்லியைக் கண்டு நாற்காலி மேல் ஏறுகிற ஆள் மாதிரி இருந்தார். நிஜமாகவே ஏறுவார் என்று பிற்பாடு தெரிந்தது.

நான்தான் அவரைத் தங்கப்பொண்ணு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் யோசித்தாள்.

“பேயி ஆடணும்கிறீக.”

“ஆமாம்மா.”

“பேய்க்குத்தான் காலு கெடையாதே சாமி. எதை வச்சு ஆடுறது?”

ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய கதையில் இந்த இடம் பஞ்சாபகேசனுக்குத் தட்டுப்படவே இல்லை. “சலங்கைச் சத்தம் மட்டும் கேக்கும்,” என்றார்.

“சலங்கைய எதுல கட்டியிருக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. கரகம் மட்டும் தெரியறது. அதுக்குக் கீழே வெறும் புகை.”

“அப்ப நான் எதுக்கு? செம்பை மட்டும் எடுத்துட்டுப் போங்க. வாடகை கேக்க மாட்டேன்.”

“சாகறதுக்கு நீங்க வேணும்மா,” என்று பஞ்சாபகேசன் கெஞ்சினார். “செம்பு சாகாதே. இது சினிமாவாக்கும்.”

சினிமா என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு கேள்வி இல்லை. அவர் போனபிறகு என்னிடம் காரணத்தைச் சொன்னாள்.

“கரகம்னாத்தான் எங்கண்ணனுக்குக் கேவலம். சினிமான்னா கேவலமில்லைல்ல, வீரணண்ணே? அவுகளும் டூரிங் கொட்டகையில மண்ணக் குமிச்சு உக்காந்து பாக்குற ஆளுதான. தெரையில என்னயப் பாத்துட்டு, இவ எந் தங்கச்சின்னு ஒரு தடவ யாருகிட்டயாவது சொல்லிட்டாப் போதும். வேற ஒண்ணும் வேண்டியதில்ல.”

நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடக்காது என்று சொல்ல வாய் வரவில்லை.

படத்தில் ஒரு காட்சி. ஊர்ச் சுவரில் அவளுடைய இரங்கல் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. காற்றில் அதன் ஒரு மூலை படபடக்கிறது. இதற்காகப் பஞ்சாபகேசன் இரண்டே இரண்டு சுவரொட்டி கேட்டார். நூற்றுக்குக் குறைந்து மெஷினில் ஏற்றுவதில்லை என்றார் எங்கள் முதலாளி. சரி, நூறு அடித்து இரண்டை எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். தங்கப்பொண்ணிடம் இருந்த ஒரே போட்டோ, கரகத்தோடு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற படம். அதைத்தான் அச்சுக்குப் பிளாக் எடுத்தோம்.

நான் வாசகத்தைக் கோத்து முடித்து, “கண்ணீருடன்னு போட்டு யாரு பேரு போடுறது?” என்று கேட்டேன். அழுகிறவர் பெயர் இல்லாத இரங்கல் சுவரொட்டியை மதுரையில் ஒருத்தனும் நம்பமாட்டான்.

“ஏதாவது போடுங்கோ,” என்றார் பஞ்சாபகேசன்.

கூடவே வந்திருந்த தங்கப்பொண்ணு, “எங்கண்ணன் பேரப் போடுங்க,” என்றாள்.

போட்டிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்யாணப் பத்திரிகையில் அவள் விரல் நகர்ந்த ஞாபகம் வந்து தொலைத்தது. ‘கண்ணீருடன், அண்ணன் மலையாண்டி, கல்லுக்கொல்லைப்பட்டி’ என்று கோத்தேன். முதல் தாளை எடுத்துக் கொடுத்ததும் அவள் எழுத்துக் கூட்டி, மேலே இருந்த தன் பெயரையும் கீழே இருந்த அண்ணன் பெயரையும் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே தாள்ல எம்புட்டுப் பொருத்தமா இருக்கு,” என்றாள். தன் சாவுச் செய்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் கண்டதில்லை.

பஞ்சாபகேசன் இரண்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மீதித் தொண்ணூற்றெட்டை வைக்க அலமாரியில் இடமில்லை. வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசல் பெஞ்சில் இருந்தால் அது ஒட்டப் போகவேண்டிய சரக்கு என்பது எங்கள் அச்சகத்தின் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனே நான்தான்.

ஒட்டுகிறவன் பெயர் முத்திருளன். பசை வாளியும் சைக்கிளுமாக விடிவதற்குள் வேலையை முடித்துவிடுவான். இந்தத் தொழிலில் படிக்கத் தெரியாத ஆள் ஆபத்தில்லாதவன். இவன் எட்டாவது வரை படித்தவன். சுவரொட்டியைப் படித்திருக்கிறான், அவளுடைய ஆட்டத்தைப் பார்த்தவனாகையால் கண் கலங்கியிருக்கிறான். அவனியாபுரத்தில் ஐம்பதை ஒட்டிவிட்டு, பிறந்த ஊருக்குத் தகவல் போகவேண்டாமா என்று மீதியைக் கட்டிக்கொண்டு, பசை வாளியோடு முதல் பஸ் ஏறிவிட்டான். கல்லுக்கொல்லைப்பட்டியில் டீக்கடையில், சாவடியில், ரேஷன் கடையில் ஒட்டினான். மலையாண்டி வீட்டு முன்சுவரில் மூன்று. “சாவு கேக்க வர்ற துட்டிக்காரவுகள அலைய விடக் கூடாதுல்லண்ணே,” என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொன்னான்.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி அழகம்மாள் ஓடிவந்தாள். “ஏங்க, நம்ம தங்கப்பொண்ணு போயிருச்சாம்ல.”

“அடப்பாவமே, எப்ப?” என்று கேட்டேன்.

ஆமாம், நான்தான் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் நானே கோத்த செய்தி அது. இருந்தாலும் அச்சில் வந்துவிட்டது என்றதும் பகீரென்றுதான் இருந்தது. வாயைக் கொப்பளித்த பிறகுதான் எனக்கு விஷயமே உறைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

தெருவே தங்கப்பொண்ணு வாசலில் நின்றது. இரண்டு மாலைகள் வந்துவிட்டன. அவளோ குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்தாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக அவள் ஆட்டத்தில் காலைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்த ஆம்பளைகள், அன்றைக்குத்தான் காலைப் பார்த்தார்கள். அவள் குழுவில் தவில் வாசிக்கிற கருத்தக்கண்ணன் உட்கார்ந்து அவள் பெருவிரலைத் தொட்டே பார்த்துவிட்டு, “தரையில படுதுப்பா,” என்று அறிவித்தான். மாலை வாங்கி வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது.

நான் நடந்ததைச் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். பிறகு, “ஊருக்கும் ஒட்டிட்டானா?” என்று கேட்டாள். மீதிக் கட்டோடு முதல் பஸ் ஏறினானாம், வழியில் சொன்னார்கள், இந்நேரம் ஒட்டியிருப்பான் என்றேன். அப்புறம் சிரிக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு வேன் வந்தது. உள்ளே இருபது பெண்கள், தெருமுனையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. முன் சீட்டிலிருந்து மலையாண்டி இறங்கினார். துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். இன்னொரு கையில் ஒரு புதுச் சேலை. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுவந்து உடம்பின் மேல் போடவேண்டும். அதற்கு உரிமைப்பட்டவன் கூடப் பிறந்தவன். பதினைந்து வருஷம் அந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், கோடியோடு வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது.

தங்கப்பொண்ணு வாசலில் எழுந்து நின்றாள். “வாங்கண்ணே,” என்றாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது. மலையாண்டியும் முதலில் காலைத்தான் பார்த்தார். பிறகு முகத்தை. ஒரு நொடி அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அடுத்த நொடி அது கோபமாக மாறிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

“யாரு எம் பேரப் போட்டது?”

“நாந்தாண்ணே போடச் சொன்னேன்,” என்றாள் அவள்.

“அந்தப் பொம்பளகிட்டச் சொல்லு,” என்று என்னிடம் சொன்னார். அவள் மூன்றடி தள்ளித்தான் நின்றாள். “எனக்குக் கூடப் பொறந்தவ யாருமில்லன்னு சொல்லு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மேல் இருந்த குற்றமெல்லாம் மறந்துவிட்டது. “அப்ப யாருக்கய்யா கோடி எடுத்துட்டு வந்தீரு?” என்று கேட்டேன்.

அவர் சேலையை வேன் மேல் வீசிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உடனே போயிருப்பார். ஆனால் வந்த பெண்களுக்குப் பசி. துட்டி வீட்டில் அடுப்பு எரியாது என்று வெறும் வயிற்றோடு வந்தவர்கள், செத்தவளே உயிரோடு நின்று ரவையை வறுக்கும்போது எதற்குப் பட்டினி கிடக்கவேண்டும். இருபது பேரும் உப்புமா சாப்பிட்டார்கள். டிரைவரும் சாப்பிடப் போய்விட்டான். மலையாண்டி ஒரு மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தார். தங்கப்பொண்ணு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கவில்லை. அவளும் கையை மடக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

கோடிச் சேலைதான் தீராத பிரச்சினையாகிவிட்டது. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவளுக்குக் கொடுக்கக் கூடாது. வைகையில் விட்டுவிடலாம் என்று ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். விடுவதற்கு வைகையில் தண்ணீர் இல்லை. கடைசியில் கண்மாய்க்கரைப் புளியமரத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த நாளே அதை எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

நானும் முத்திருளனும் மூன்று நாள் சுவர் சுவராகச் சுரண்டினோம். அவன் பசையில் என்ன கலப்பானோ, சுண்ணாம்புதான் வந்தது, தாள் வரவில்லை. தங்கப்பொண்ணு இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் போனேன். பழைய சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“செத்தேன்னா வாராரு. இருந்தா வரமாட்டேங்கிறாரு,” என்றாள். “நான் என்னதான் பண்ணட்டும், வீரணண்ணே?” சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. படத்தை விட்டுவிடலாம் என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதெப்படி. செத்த கெட்ட பேரு வந்தாச்சு, படத்தையாவது முடிப்போம். இன்னம் தெரை இருக்குல்ல.”

முடித்தார்கள். அவளைப் பிணமாகக் கிடத்துவதுதான் பெரும்பாடு. கருத்தக்கண்ணன் தவிலைத் தட்டினால் போதும், பிணத்தின் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. பஞ்சாபகேசன் தலையில் அடித்துக்கொண்டு, பிலிம் சுருளில் பாதியை அந்தக் கட்டைவிரலுக்கே செலவழித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படம் திரையிடப்பட்டது. அழைப்பிதழை நான் என் கைக்காசில் அடித்து, நானே கல்லுக்கொல்லைப்பட்டிக்குப் பஸ் ஏறிப்போய் மலையாண்டியிடம் கொடுத்தேன். வயலில் நின்றிருந்தார். வாங்கி, பார்க்காமல் மடியில் செருகினார்.

“வருவீகளா?” என்று கேட்டேன்.

“தண்ணி பாய்ச்சணும்,” என்றார்.

சங்கம் வாடகைக்கு எடுத்த ஹால் அது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன் வரிசைகளில் கண்ணாடி போட்ட சங்கத்து ஆட்கள். பின்னால் அவனியாபுரத்திலிருந்து நாற்பது பேர், முறுக்கோடு. தங்கப்பொண்ணு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அடிக்கொரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கு அணைந்தபோது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல. பேயாக வந்த கரகம் அந்தரத்தில் ஆடியது. அதைத் தொங்கவிட்ட கயிறும் கூடவே ஆடியது. புகைக்காகப் போட்ட சாம்பிராணியில் யாரோ இருமினார்கள். முதலில் முறுக்குக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு கண்ணாடிக்காரர்களும் சிரித்தார்கள். பஞ்சாபகேசன் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அப்புறம் அவள் செத்துக் கிடக்கிற காட்சி வந்தது. நெற்றியில் காசு, தலைமாட்டில் விளக்கு, கீழே அந்தக் கட்டைவிரல். ஹால் மொத்தமும் குலுங்கியது. பொய் சொல்ல மாட்டேன், நானும் சிரித்தேன்.

அப்போது பின்னால் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து வந்தது, நடுங்கியது.

“ஏய், எவன்டா அது சிரிக்கிறது? செத்துக் கெடக்கது எந் தங்கச்சிடா.”

ஹால் அப்படியே அடங்கிவிட்டது. பன்னிரண்டு நிமிஷப் படத்தில் எல்லாருக்கும் பயம் வந்த ஒரே இடம் அதுதான் என்று பஞ்சாபகேசன் பிற்பாடு ஒத்துக்கொண்டார். இருட்டில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கப்பொண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

“வீரணண்ணே, கேட்டீகளா?”

“கேட்டுச்சும்மா.”

“என்னன்னு கேட்டுச்சு?”

“தங்கச்சின்னு.”

“இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றாள். நான் சொன்னேன். திரையில் அவள் அப்போதும் செத்துத்தான் கிடந்தாள்.